1966 ஹெரால்ட், குன்னூர்: கம்ப்ரஷன் குறைவு என்கிறார் மெக்கானிக், போரிங் அவசியமா?

தேயிலைமேடு:
எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 1966 மாடல், இரண்டு கதவு, 948 சிசி, இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. 2009 வரை ஓடிய வண்டி, அப்புறம் வீட்டுக்குக் கீழே ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் டீசலும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவைத்து, ஃபேன் புல்லியைக் கையால் அசைத்து அசைத்துச் சுற்ற வைத்துவிட்டேன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, பாயிண்ட்டை உரசி, புது பேட்டரி வைத்ததும் ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஐடிலில் வண்டியே குலுங்குகிறது, இழுவையே இல்லை.

கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்தில் அமுங்குகிறது என்று காட்டுவது) வைத்துப் பார்த்தார். 1-இல் 118, 2-இல் 115, 3-இல் 82, 4-இல் 116 பிஎஸ்ஐ. "150 வர வேண்டிய இடத்தில் 120 கூட இல்லை, நாலு சிலிண்டரும் போச்சு. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங், அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் ஷாஃப்ட்டைத் தேய்த்துச் சீராக்கும் கிரைண்டிங் எல்லாம் சேர்த்துச் செய்தால்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்ன தொகைக்கு ஒரு நல்ல பழைய மாருதியே வாங்கிவிடலாம். இன்ஜினை முடிந்தவரை நானே வீட்டில் செய்ய வேண்டும் என்பது ஆசை. உண்மையிலேயே போரிங் தேவையா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

லேத்துக்காரன்:
தம்பி, நான் கோவையில் இன்ஜின் வேலைதான் பார்க்கிறேன், அதனால் வியாபாரத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அறுபது வருட இன்ஜினைத் திறந்தால் அரைகுறையாகச் செய்யக் கூடாது. ஹெட்டை மட்டும் சரிசெய்து பூட்டினால் மேலே கம்ப்ரஷன் ஏறும், கீழே தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் அதைத் தாங்காது, ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். ஒரே தடவையில் பிளாக்கை இறக்கி அனுப்புங்கள். போர், ஹோனிங் (சிலிண்டர் சுவரை மெல்ல உரசிப் பதப்படுத்துவது), கிராங்க் எல்லாம் முடித்து அனுப்புகிறோம்.

கோடநாட்டுக்காற்று:
கொஞ்சம் பொறுங்கள். அந்த 150 எந்த ஊர்க் கணக்கு? கடல் மட்டத்துக் கணக்கு. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய எண்பது சதவீதம்தான். சிலிண்டருக்குள் போகிற காற்றே குறைவு என்றால் அதை அமுக்கினால் கிடைக்கும் அழுத்தமும் அதே அளவுக்குக் குறையும். சென்னையில் 150 காட்டுகிற இன்ஜின் குன்னூரில் 120 காட்டும், ஊட்டியில் 115-க்குப் பக்கத்தில் நிற்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் 118, 115, 116 மூன்றும் நல்ல ஆரோக்கியமான சிலிண்டர்கள். அந்த 82 ஒன்றுதான் பிரச்சினை. நாலும் போச்சு என்று சொன்னவர் சமவெளிக் கணக்கை மலைக்குத் தூக்கி வந்திருக்கிறார்.

லேத்துக்காரன்:
காற்று கொஞ்சம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக முப்பது பாயிண்ட்டா? கேஜ் பழசாக இருக்கும்.

கொடைக்காரன்:
கேஜ் பழசென்றால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் தப்பாகக் காட்டும், அண்ணா. நான் கொடைக்கானல். என்னிடம் இருப்பது பத்மினி கார். நல்ல கண்டிஷனில் இருக்கிற அதே வண்டியை, அதே கேஜை வைத்து, வீட்டு வாசலிலும் கீழே வத்தலக்குண்டிலும் பார்த்திருக்கிறேன். கீழே போனதும் நாலு சிலிண்டரும் ஒன்றுபோல ஏறி நின்றன. இன்ஜின் ஒரு மணி நேரத்தில் புதிதாகிவிடுமா என்ன? தேயிலைமேடு, சந்தேகமிருந்தால் நீங்கள் தினமும் ஓட்டும் வண்டியில் அந்த கேஜை வைத்துப் பாருங்கள், அதுவும் புத்தகத்தில் இருக்கிற எண்ணைவிடக் குறைவாகவே காட்டும். இன்ஜினின் உறிஞ்சு அழுத்தத்தைக் காட்டும் வேக்யூம் கேஜும் அப்படித்தான், ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு இன்ச் இறங்கும். மலையில் மொத்த எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது, சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கோடநாட்டுக்காற்று:
அந்த மூன்றாவது சிலிண்டர் விஷயத்துக்கு வருவோம். இன்ஜினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு மறுபடி எடுங்கள், த்ராட்டில் மூடியிருந்தால் ரீடிங் தப்பாக வரும். அப்புறம் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை 3-இல் ஊற்றிவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். நன்றாக ஏறினால் ரிங். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

அதற்கு மேலும் உறுதி வேண்டுமென்றால், அந்த பிஸ்டனை கம்ப்ரஷன் டாப்பில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பஞ்சர் கடை கம்ப்ரஸர் ஹோஸை ஒரு பழைய பிளக் உடம்பில் பொருத்திக் காற்றை விடுங்கள். சைலன்ஸர் வாயில் புஸ்ஸென்று சத்தம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் வந்தால் இன்லெட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். இந்தச் சோதனைக்குக் கடல் மட்டம், மலை என்ற பேதமே கிடையாது.

தேயிலைமேடு:
செய்துவிட்டேன். ஆயில் ஊற்றியும் மூன்றாவது 85-ஐத் தாண்டவில்லை. காற்று விட்டதும் சைலன்ஸர் வாயில் நன்றாகவே புஸ் சத்தம், பக்கத்து வீட்டுப் பையன் அங்கே காதை வைத்துக் கேட்டு உறுதி செய்தான். ஹெட்டைக் கழற்றுகிறேன்.

ஜிப்சிமாமா:
எதற்கு இந்தப் பாடு? ஹெரால்ட் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆம்னி இன்ஜின், கியர்பாக்ஸ் வைத்துவிடுங்கள். கோவை உக்கடத்தில் போய் நின்றால் ஒரே நாளில் எல்லாம் கிடைக்கும். காட் ரோட்டில் பறக்கலாம்.

கொடைக்காரன்:
மாமா, பறக்க வேண்டுமென்றால் ஆம்னியையே வாங்கலாமே.

பழையகாகிதம்:
ஜிப்சிமாமா சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜின் இதிலெல்லாம் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு விஏ என்று வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருடம் செல்லும். ஆம்னி இன்ஜின் வைத்த நிமிடமே அந்தத் தகுதி போய்விடும், சாதாரண ஆர்சியிலும் இன்ஜின் எண் இடிக்கும். ஆனால் விஏ எடுத்தால் அன்றாடம் கடைக்கும் ஆபீசுக்கும் ஓட்ட முடியாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு என்று குறிப்பிட்ட காரணங்களுக்குத்தான். ஆகவே ஓட்டுவதற்கா, வைத்திருப்பதற்கா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஓட்டுவதென்றால் சாதாரண ஆர்சியைப் புதுப்பித்துக்கொண்டே போவது நல்லது.

தேயிலைமேடு:
ஓட்டத்தான். இன்ஜின் மாற்றுகிற பேச்சே இல்லை மாமா, பெரியப்பா கனவில் வந்து உதைப்பார்.

ஹெட் இறங்கிவிட்டது. ஹெரால்டில் ஒரு பெரிய வசதி, முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து மொத்தமாக முன்னால் கவிழ்கிறது, முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்த்தேன், முதுகே வலிக்கவில்லை. மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு பக்கம் போயிருக்கிறது, அந்த இடத்தில் வால்வு உட்காரும் சீட்டிலும் பள்ளம். மற்ற மூன்று எக்ஸாஸ்ட் வால்வும் சீட்டுக்குள் கொஞ்சம் இறங்கித்தான் உட்கார்ந்திருக்கின்றன, நகத்தால் தடவினாலே தெரிகிறது. இன்லெட் வால்வுகளில் கரியைத் தவிர ஒன்றுமில்லை. சிலிண்டர் மேல் விளிம்பில் நகம் லேசாகத் தட்டுகிறது, அவ்வளவுதான். தெரிந்த ஒருவரிடம் போர் கேஜ் இரவல் வாங்கி அளந்தேன், ஸ்டாண்டர்ட் 63 மில்லிமீட்டர், அதிகபட்சத் தேய்மானம் 0.003 இன்ச். இதுவரை போரிங்கே செய்யாத பிளாக்.

லேத்துக்காரன்:
0.003 என்றால் போரிங் வேண்டாம். நானே சொல்கிறேன், தொடாதீர்கள். ஸ்டாண்டர்ட் சைஸ் பிளாக் இனிமேல் கிடைக்காது. போர் செய்தால் சில படிகள்தான், ஒவ்வொன்றும் செலவழிகிற காசு மாதிரி, திரும்ப வராது. மெல்ல ஹோன் செய்து புது ரிங் போடுங்கள். ரிங்கை பிஸ்டனில் மாட்டுவதற்கு முன்னால் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனாலேயே நேராகத் தள்ளிவிட்டு, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள், 0.010 இன்ச் சுற்றி இருக்க வேண்டும். மேல் விளிம்பில் அந்த மேடு இருக்கிறதே, அதை எடுக்காமல் புது ரிங் போட்டால் முதல் ரிங் அதில் இடித்து உடையும், மறக்க வேண்டாம்.

ஹெட்டை மட்டும் எனக்கோ வேறு நல்ல கடைக்கோ அனுப்புங்கள். சீட் ரிங் அடிப்பது வீட்டில் நடக்கிற வேலை இல்லை.

கோடநாட்டுக்காற்று:
லேத்துக்காரர் அண்ணன் சொல்வது சரி, அந்த வால்வு ஏன் எரிந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. ஈயம் வால்வுக்கும் வார்ப்பிரும்புச் சீட்டுக்கும் நடுவில் ஒரு பூச்சாக நின்று காப்பாற்றும். 2000-இல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எக்ஸாஸ்ட் சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறும், ஏற ஏற டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் விடும் சந்து) தானாகக் குறையும். டேப்பட் சத்தமே இல்லை, வண்டி அமைதியாக ஓடுகிறது என்று சந்தோஷப்படுவோம். ஒரு நாள் இடைவெளியே இல்லாமல் போய், வால்வு முழுதாக மூடாமல், நெருப்பு அந்தச் சந்து வழியாகப் பாய்ந்து விளிம்பைத் தின்றுவிடும். டேப்பட் சத்தம் கொஞ்சம் கேட்டால்தான் இந்த இன்ஜினுக்கு நல்லது. நாலு எக்ஸாஸ்ட்டுக்கும் கடின சீட் ரிங் போட்டுவிடுங்கள், இன்லெட்டைத் தொட வேண்டியதில்லை, அரைத்துப் பூட்டினால் போதும்.

பிளாக்கைச் சும்மா வைக்காதீர்கள். ஹோன் செய்த சிலிண்டர் குன்னூர் மூடுபனியில் ஒரே ராத்திரியில் சிவந்துவிடும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் துடைத்தால் கறுப்பு வராத வரைக்கும் துடைத்து, உடனே ஆயில் தடவி மூடிவிடுங்கள். மண்ணெண்ணெயில் மட்டும் கழுவினால் ஹோன் பொடி போகாது.

ஊட்டிமைல்கல்:
யாரும் இன்னும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். கிளட்சை மிதித்துக்கொண்டு கிராங்க் புல்லியைப் பார்த்தீர்களா?

தேயிலைமேடு:
இல்லையே. எதற்கு?

ஊட்டிமைல்கல்:
இந்த இன்ஜினுக்கு ஒரு பரம்பரை வியாதி உண்டு. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பது பின்பக்க மெயின் பேரிங்கில் இருக்கும் இரண்டே இரண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாஷர். ஒவ்வொரு தடவை கிளட்ச் மிதிக்கும்போதும் கிராங்க் முன்னால் தள்ளப்படுகிறது, அந்த பாரம் முழுக்கப் பின்பக்க வாஷர் மேல்தான். சமவெளியில் ஓடுகிற வண்டிக்குச் சரி. குன்னூர் காட் ரோட்டில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு கிளட்ச், முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் ஒரு லாரி, மறுபடி கிளட்ச். மலை வண்டிகளில் இது சீக்கிரம் தேயும். நன்றாகத் தேய்ந்தால் வாஷர் நழுவி சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) விழுந்துவிடும், அப்புறம் கிராங்க் நேராகப் பிளாக்கைத் தின்ன ஆரம்பிக்கும். அப்படி ஆன பிளாக்கை வைத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்கட்டும், நீங்கள் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அசைந்தால் வாஷர் போய்விட்டது. டயல் கேஜில் 0.004 முதல் 0.008 இன்ச் வரை இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. இன்ஜினை இறக்காமலே சம்ப்பைக் கழற்றி, பின் மெயின் கேப்பை எடுத்து மாற்றிவிடலாம். ஓவர்சைஸ் வாஷரும் வரும். பள்ளக்கோடு போட்டிருக்கிற முகம் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டால் புதிதும் சில மாதத்தில் போய்விடும்.

தேயிலைமேடு:
அண்ணா, நன்றி. மனைவியை உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன், புல்லி நன்றாகவே முன்னால் வந்து போகிறது. டயல் கேஜில் 0.014. சம்ப்பைக் கழற்றிப் பார்த்ததில் வாஷர் இரண்டும் இடத்தில்தான் இருக்கின்றன, பின்பக்கம் உள்ளது மட்டும் வெள்ளை உலோகம் போய் செம்பு நிறம் தெரிகிற வரைக்கும் தேய்ந்திருக்கிறது. பிளாக்கில் கீறல் இல்லை.

லேத்துக்காரன்:
தப்பித்தீர்கள். சம்ப் இறங்கியிருக்கும்போதே பிக் எண்ட் பேரிங்குகளையும் (கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடம்) திறந்து பார்த்துவிடுங்கள். கிராங்க் ஜர்னலில் (பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதியில்) நகம் மாட்டுகிற கோடு இல்லை, மைக்ரோமீட்டரில் வட்டம் சரியாக இருக்கிறது என்றால் கிரைண்டிங் வேண்டாம், அதே சைஸ் புது ஷெல் (பேரிங் தகடு) போதும். ஷெல்லின் முதுகில் சைஸ் அடித்திருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு கேப்பிலும் எண் குத்தி வையுங்கள், ஒன்றுக்கொன்று மாறக் கூடாது.

ஜிப்சிமாமா:
இன்ஜினை முழுசாக இறக்கியே பார்த்திருக்கலாம். வீட்டில் சில்வர் ஓக் மரம் இருக்குமே, கிளையில் செயின் பிளாக் கட்டினால் ஆச்சு.

ஊட்டிமைல்கல்:
தயவுசெய்து சில்வர் ஓக் கிளையில் எதையும் தொங்கவிடாதீர்கள். காற்றுக்கே முறிகிற மரம் அது. இன்ஜின் நூறு கிலோவுக்கு மேல். இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் தடித்த இரும்புக் குழாயில் முக்காலி கட்டுங்கள், அல்லது ஒர்க்‌ஷாப்பில் கிரேன் வாடகைக்குக் கேளுங்கள். கியர்பாக்ஸ் மட்டும் என்றால் அதற்குக்கூடத் தேவையில்லை, உள்ளே நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றினால் கேபின் வழியாகவே வந்துவிடும்.

தேயிலைமேடு:
ஹெட் கோவையிலிருந்து வந்துவிட்டது, சீட் ரிங், கைடு எல்லாம் சுத்தமான வேலை. புது ரிங், பிக் எண்ட் ஷெல், த்ரஸ்ட் வாஷர் போட்டாயிற்று. பூட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. மலையில் காற்று குறைவு, அதனால் பெட்ரோல் கலவை ரிச்சாகும் (பெட்ரோல் கூடிவிடும்), சொலெக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட்டைக் குறைத்துப் போட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். போடட்டுமா?

கோடநாட்டுக்காற்று:
பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் போடச் சொல்லியிருப்பேன். குன்னூர் உயரத்துக்குக் கலவை ஏறக்குறைய பத்து சதவீதம் ரிச்சாகும், ஜெட் எண்ணில் ஐந்து சதவீதம் குறைத்தால் சரியாகிவிடும், 100 இருந்தால் 95. ஆனால் இப்போது பங்கில் வருவது இ20, இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை ஏழெட்டு சதவீதம் லீனாகும் (காற்று கூடிவிடும்). மலை ரிச்சாக்குகிறது, எத்தனால் லீனாக்குகிறது, இரண்டும் கிட்டத்தட்ட அடித்துப் போகிறது. கம்பெனி ஜெட்டையே வைத்து ஓட்டிவிட்டு பிளக் நிறத்தைப் பாருங்கள். ஜெட்டைக் குறைத்துவிட்டு கோவைக்கு இறங்கினீர்கள் என்றால் அங்கே இன்னும் லீனாகும், இப்போதுதான் காசு கொடுத்துப் போட்ட எக்ஸாஸ்ட் வால்வு சூடாகும். கீழே அடிக்கடி போகிறவர் ஜெட்டைத் தொடவே கூடாது.

பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், பழைய ரப்பர் ஹோஸ் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர் மழையில் பாதி காலியான டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

கொடைக்காரன்:
ரேடியேட்டர் மூடியைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மேலே ஏறும்போது நல்ல இன்ஜின்கூடப் பொங்கும், ஜனங்கள் உடனே ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுவார்கள். புது மூடி போடுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள்.

ஊட்டிமைல்கல்:
தலைகுந்தா பக்கம் ஜனவரியில் ராத்திரி நிறுத்துகிறவர்களுக்கு அது கட்டாயம். உறைபனியில் வெல்ஷ் பிளக் (பிளாக்கின் ஓட்டையை அடைக்கும் மூடி) வெளியே தள்ளி வந்த பிளாக்கைப் பார்த்திருக்கிறேன்.

தேயிலைமேடு:
ஸ்டார்ட் செய்துவிட்டேன்! பிளக் இல்லாமல் செல்ஃபில் சுற்றி ஆயில் விளக்கு அணைகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, அப்புறம் பிளக் போட்டு அடித்தேன், குலுக்கல் சுத்தமாக இல்லை. கம்ப்ரஷன் 122, 120, 121, 120. லேம்ஸ் ராக் வரைக்கும் போய் வந்தேன். பிளக் நிறம் பழுப்பு, ஜெட்டைத் தொடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் லேசாக ஆயில் கசிகிறது, பார்க்கிறேன். புது ரிங் பழகும் வரைக்கும், ரன்னிங் இன்னுக்கு எந்த ஆயில்?

லேத்துக்காரன்:
122 குன்னூரில், சரி சரி, கோடநாட்டுக்காரர் ஜெயித்துவிட்டார். 20டபிள்யூ50 மினரல் ஆயில், துத்தநாகம் உள்ளது, புது ரகம் சிந்தெடிக் வேண்டாம், ரிங் உட்காராது. ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். அதே நேரம் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையில் டார்க் ரென்ச்சில் மறுபடி பிடியுங்கள். பிடித்ததும் டேப்பட் இடைவெளி மாறியிருக்கும், எட்டு வால்வையும் 0.010 இன்ச்சுக்கு வையுங்கள். எளிய கணக்கு ஒன்பது, இரண்டு வால்வு எண்ணையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருந்தால் ஒன்றாவதை வைக்கலாம், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. எக்ஸாஸ்ட் நாலையும் ஒரு தாளில் எழுதி ஷெட்டில் ஒட்டி வைத்து, அடுத்த தடவை பார்க்கும்போது எது குறைந்திருக்கிறது என்று பாருங்கள்.

தேயிலைமேடு:
சரிங்க அண்ணா. கசிவு டிஸ்ட்ரிபியூட்டர் அடி கேஸ்கெட்தான், காகித கேஸ்கெட் வெட்டிப் போட்டேன், நின்றுவிட்டது. அடுத்தது டைனமோ சார்ஜ் ஆகவில்லை, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.